தௌலதார் அடிவாரத்தில் ஒரு குயவர் வீடு

டில்லியில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் சென்னை வண்டிக்குப் பயணச்சீட்டு வாங்குவதே வழக்கம். ரயில்வே எழுத்தர் என்ற முறையில் அவ்வரிசையின் நீளத்தை நாம் நன்கறிவோம். எனினும் 2023 மார்ச்சில், இம்முறை வடக்கே செல்வோம் எனத் துணிந்து, மனைவி மக்களோடும் தமக்கையின் மகளோடும் இமாசலப் பிரதேசத்துக் காங்கடாப் பள்ளத்தாக்கிற்குச் சென்று வந்தோம். அங்கே அந்திரேட்டா என்னும் சிற்றூரில் கண்டவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் வரை 164 கிலோமீட்டர் செல்லும் குறுகிய இருப்புப்பாதை 1929-இல் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடிதான் அகலம். 2022 ஆகஸ்டு வெள்ளத்தில் சக்கி ஆற்றுப் பாலம் இடிந்துவிட்டமையால், நாம் பேருந்திலேயே பாலம்பூர் சேர நேர்ந்தது. ரயில்வே ஊழியர்க்கு அது மனக்குறையே. ஆயினும் தேயிலைத் தோட்டங்களும், அவற்றின் பின்னே பனி மூடி நின்ற தௌலதார் மலையும் அக்குறையைப் போக்கின. அங்கிருந்து சிறிது தொலைவில், பஞ்சருக்கி ரயில் நிலையத்தை அடுத்து இருப்பதே அந்திரேட்டா.

இவ்வூரைக் கலைஞர்களின் இருப்பிடமாக்கியவர் நோரா ரிச்சர்ட்ஸ் என்னும் அயர்லாந்து நாட்டு மாதரசி. பஞ்சாபி நாடகத்தை வளர்த்த இவர், இங்கே மண் சுவர் வீடு கட்டி வாழ்ந்து 1971-இல் மறைந்தார். ஓவியர் சோபா சிங்கும் இங்கே குடியேறினார். மூன்றாமவர் சர்தார் குர்சரண் சிங். கல்லூரியில் பயின்ற இவர், டில்லியில் அப்துல்லா என்ற பட்டாணியக் குயவரின் வேலையில் உள்ளம் பறிகொடுத்தார். 1919-இல் ஜப்பானுக்குச் சென்று மட்கலத் தொழில் கற்றார். 1952-இல் ‘டெல்லி புளூ’ என்னும் பட்டறையைத் தலைநகரில் நிறுவினார். அப்பெயருக்குக் காரணமான நீலம் செம்பினால் வருவது. செம்பு கலந்த காரக் கலவையைப் பூசிச் சுட்டால் மயில் கழுத்து நிறம் கிடைக்கும். 1991-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1995-இல் அவர் காலமானார். அவருடைய மகன் மன்சிம்ரன் சிங்கும் மருமகள் மேரியும் 1983-இல் அந்திரேட்டாவில் மட்பாண்டக் கைத்தொழிற் சங்கத்தைத் தொடங்கினர்.

வீடும் பட்டறையும் அங்கே அடுத்தடுத்து உள்ளன. அது ஏன் என்பது சற்று நேரம் நின்று பார்த்தபின்பே விளங்கிற்று. மண்ணை ஊற வைத்து, சலித்து, பிசைந்து, சக்கரத்தின் நடுவே நிறுத்தி வனைவது சில நிமிட வேலை. அதன்பின் காத்திருத்தலே பெரும்பகுதி. வனைந்த கிண்ணம் பாதி உலர்ந்த பதத்தில்தான் அதன் அடியைச் செதுக்கவும், கைப்பிடி ஒட்டவும் இயலும். அப்பதம் தப்பினால் பிடி ஒட்டாது. ஆகவே இரவில் எழுந்தும் ஈரத்துணி போர்த்த வேண்டும். மண்ணுக்கு அலுவலக நேரம் தெரியாது!

உலர்ந்த கலத்தின்மேல் வெண்மண் குழம்பால் கோலம் போன்ற சித்திரங்கள் இழைக்கிறார்கள். பிறகு சூளை. சுடாத பானையை நீரில் இட்டால் மீண்டும் களிமண்ணாகிவிடும். ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தைக் கடந்தபின் அது ஒருபோதும் மண்ணாகக் கரையாது. ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கலத்தை உடைத்துவிடும் என்பதால் நெருப்பை மெல்ல மெல்லவே ஏற்றுகின்றனர்.

நம்முடன் வந்த தமக்கை மகள் வணிகவியல் பட்டம் பெற்றவள். வங்கித் தேர்வு இருமுறை எழுதியவள். அவள் அன்று மாலை வரை சக்கரத்தை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பியதும், “இதையே கற்கப் போகிறேன்” என்றாள். “படித்த பெண் சட்டி பானை செய்வதா? நாளை யார் பெண் கேட்டு வருவார்?” என்றார் தமக்கையின் கணவர். வீட்டில் சில வாரம் பேச்சு குறைந்தது.

நாம் அவளுக்காகப் பரிந்து பேசினோம். பட்டம் பெற்றவர் செய்தால் கலை, பரம்பரையாய் வந்தவர் செய்தால் சட்டி பானை என்பது என்ன நியாயம்? குர்சரண் சிங்கின் கண்ணைத் திறந்தவர் ஒரு பரம்பரைக் குயவரே அன்றோ! நாட்டின் பல பகுதிகளில் குயவர் வீட்டுப் பெண்கள் மண் பிசையலாம், வண்ணம் தீட்டலாம். சக்கரத்தைத் தொடலாகாது என்ற தடை இருந்து வந்தது. நம் மொழியிலோ, கரிகாலனின் வெண்ணிப் போரைப் பாடிய புலவர் வெண்ணிக் குயத்தியார். குலத்தொழிலின் பெயரைத் தாங்கிய அவர் பாட்டைப் புறநானூற்றில் வைத்துப் போற்றும் நாம், அத்தொழிலை இழிவென்பது பொருந்துமா?

இறுதியில் அனுமதி கிடைத்தது. முழுமனத்தோடு என்று சொல்ல இயலாது. இப்போது அவர்கள் குடியிருப்பின் பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மின்சாரச் சக்கரம் சுழல்கிறது. சூளைக்கு இடமில்லை; வேறொருவர் சூளையில் கூலி கொடுத்துச் சுட்டு வருகிறாள். மண் கைகளைத் தொட்டியில் கழுவாமல் வாளியில் கழுவி, அடியில் தங்கும் மண்ணை மீண்டும் பிசைகிறாள், குழாயும் அடைபடுவதில்லை. மண்தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் துடைப்பத்தைத் தவிர்த்து, ஈரத்துணியாலேயே தரையைத் துடைக்கிறாள். வருவாய் போதாது, மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பதிவியல் கற்பிக்கிறாள். தமக்கையின் கணவர் இன்றும் அவளைப் புகழ்வதில்லை. ஆனால் அவள் செய்த கிண்ணத்தில்தான் தயிர் உண்கிறார்.

அடுத்த விடுமுறைக்கு இடம் தேடும் அன்பர்கள் அந்திரேட்டாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அத்துணைத் தொலைவு இயலாதோர், தத்தம் பேட்டையின் ஓரத்தில் அகல் விளக்கும் பூந்தொட்டியும் விற்கும் குயவரிடமேனும் சென்று, பேரம் பேசாது ஒன்று வாங்கி, அவர் வேலை செய்வதைச் சிறிது நேரம் பிள்ளைகள் பார்க்கும்படி செய்யலாம். அவர் பெயரையும் கேட்டறிந்து வருவது நலம்.