குறியும் காயமும்

காட்டைத் தின்னும் புழுவைக் கொல்வது குற்றமா? இக்கேள்வி எழும்போதெல்லாம் கனடாவின் மிராமிச்சி நதியே என் நினைவில் எழுகிறது.

நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் மொட்டுப்புழுக்கள் பால்சம் ஃபிர் மரங்களின் இளந்தளிர்களைத் தின்று வந்தன. காகிதக் கூழுக்கு அம்மரங்களே ஆதாரம். அவற்றைக் காக்க 1952-இல் விமானங்கள் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கின. 1954 ஜூனில் மிராமிச்சியின் வடமேற்குக் கிளைப் பகுதியிலும் தெளித்தன. ஏக்கருக்கு அரை பவுண்டுதான். இரண்டு நாட்களுக்குள் கரையோரம் மீன்கள் செத்துக் கிடந்தன. சால்மன் குஞ்சுகள் உண்ணும் நீர்ப்பூச்சிகளும் மடிந்தன. அவ்வசந்தத்தில் பிறந்த குஞ்சுகளில் ஒன்றுகூட ஆகஸ்டில் எஞ்சவில்லை என்று ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியான தம் நூலில் எழுதினார்.

மரங்கள் பல பிழைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் புழுக்களும் ஒழியவில்லை, தெளிப்பு தொடர்ந்தது. பின்னர் வந்த பி.டி. என்னும் பாக்டீரியா மருந்து மீன்களுக்குத் தீங்கற்றது. எனினும் அது வேறுபல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களையும் கொல்லும்.

எதைக் குறிவைத்தோம் என்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. எதன்மேல் பட்டது என்பதற்கும் நாமே கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.