மலிவில எது குறையலாம்?

மலிவெண்டால் மட்டம் எண்டு நாங்கள் சட்டெண்டு முடிவு கட்டிவிடுகிறோம். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ‘பாரா 3’ மடக்குக் கத்தியையும் அதன் விலை குறைந்த ‘லைட்வெயிட்’ வடிவத்தையும் ஒப்பிட்டால் அந்த முடிவு ஆட்டம் காணுது.

முதலாவதின் பிடி ஜி10: கண்ணாடி நாரும் எபொக்சியும் சேர்த்து அழுத்தியது, உள்ளே உருக்குத் தகடுகள். மலிவானதுக்கு அச்சில் வார்த்த, கண்ணாடி நார் கலந்த நைலோன். தொட்டால் பிளாஸ்டிக்தான். ஆனால் நிறை ஏறக்குறைய 96 கிராமிலிருந்து 68 கிராமுக்கு இறங்குது.

அலகிலும் குறைத்திருக்கிறார்கள். முதலில் வந்த பாரா 3இன் எஸ்30வி உருக்கில் 4 வீதம் வனேடியம். கூர் கனநாள் நிக்கும், தீட்டுறதுதான் பாடு. மலிவானதின் பிடி1என் உருக்கு கெதியா மழுங்கும், கெதியா கூராகும்.

பூட்டு மட்டும் இரண்டிலும் ஒண்டுதான். அலகு விரலில் மடியாமல் தடுப்பது அது. அதுக்காகவே நைலோனுக்குள் ஒரு சின்ன உருக்குத் தகடு வைத்திருக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிளில கம்பஸ் வாற நாங்கள் மலிவு ஹெல்மெட் பார்க்கும்போதும் இதே கணக்குத்தான். பெயின்ற் மட்டமெண்டால் பரவாயில்லை. உள்ளுக்க இருக்கிற ரெஜிபோமில கை வைச்சிருந்தால் வேண்டாம்.