குடும்பத்தில் ஒருத்தி

பிள்ளை பெறுவது ஒரு பாடு. பெற்ற பிள்ளையை யாரிடம் விட்டுப் பிழைப்புக்குப் போவது என்பது அதனினும் பெரும்பாடு. இதனை நான் நேரில் கண்டது 2023-ம் ஆண்டில், என் மகள் குடியிருக்கும் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில். பேரனுக்கு அப்பொழுது நான்கு மாதம். மகளுக்கு விடுமுறை தீர மூன்று வாரமே மிச்சமிருந்தது. என் மனைவி உயிரோடிருந்திருந்தால் இக்கேள்வியே எழுந்திராது என்று ஊரிலுள்ள உறவினர் சிலர் வருந்தினர். பாட்டி என்பவள் சம்பளமில்லாத வேலைக்காரி என்பது நம்மவர் பலருடைய துணிபு. அதை இங்கு விரிக்கப் புகுந்தால் கட்டுரை வேறு திசை போய்விடும்.

மகளும் மருமகப்பிள்ளையும் இரண்டு வழிகளை வைத்துக்கொண்டு இரவுதோறும் வாதாடினர். வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்க்கும் ஆயா ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது ஒரு வழி. 'ஓ பேர்' என்னும் பெயரால் வெளிநாட்டு இளம்பெண் ஒருத்தியை வரவழைப்பது மற்றொன்று. அப்பெயர் பிரெஞ்சு மொழியினின்று வந்தது. 'சமமாக' என்பது அதன் பொருள். வருகிறவள் வேலைக்காரியல்லள், குடும்பத்தோடு உண்டு உறங்கி, அந்நாட்டு மொழியையும் பழக்கத்தையும் கற்று, கைம்மாறாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் விருந்தினள் என்பது கொள்கை. 1969-ல் ஐரோப்பிய நாடுகள் இதற்கென்று ஓர் உடன்படிக்கையே வகுத்தன. வேலை பொதுவாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்தை மீறலாகாதென்பது அதன் விதி. அமெரிக்காவில் இத்திட்டம் தொடங்கியது 1986-ல். வருகிறவளுக்கு வயது 18 முதல் 26 வரை இருக்கவேண்டும். வேலையோ நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வாங்கலாம். கடல் கடந்ததும் ஐந்து பத்தாகிவிட்டது காண்க!

மருமகப்பிள்ளைக்கு இதிலேதான் விருப்பம். "மாமா, எசமானர் வேலைக்காரி என்ற பேச்சே நமக்கு வேண்டாம். நம் குடும்பத்தில் ஒருத்திபோல் இருந்துவிட்டுப் போகட்டும். செலவும் குறைவு" என்றார். அவர் நல்லவர், ஒருவரையும் கடிந்து பேசியறியாதவர். ஆயினும் 'குடும்பத்தில் ஒருத்தி' என்ற சொல் செவியில் விழுந்த பிறகு எனக்கு அன்றிரவு உணவு செல்லவில்லை.

என் தாயார் ஓர் ஆயா. சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், 1958 முதல் 1963 வரை பெரிய துரையின் பங்களாவிலேயே தங்கி அவர் மகனை வளர்த்தார். தகப்பனார் விடியுமுன் மரம் வெட்டப் போய்விடுவார். நானும் தங்கையும் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கிடந்தோம். அங்கே ஒரு கிழவி முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மேட்டுப் பங்களாவில் எங்கள் தாயார் ஒரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். ஞாயிறு பிற்பகல் லயத்துக்கு வருவார், இருட்டுமுன் திரும்பிவிடுவார். ஒரு ஞாயிறு துரைமகனுக்குக் காய்ச்சல், தாயார் வரவில்லை. நானே மேடேறிப் போய் வேலிக்கு வெளியே நின்றேன். அச்சிறுவன் அவர் தோளில் கிடந்தான். எங்களைத் தூங்கவைக்கப் பாடும் அதே தாலாட்டை அவனுக்குப் பாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்தாமலே, போய்விடும்படி கையசைத்தார். அன்று அவன்மேல் கொண்ட பகை எனக்குப் பல ஆண்டு தீரவில்லை. நான் ஒருவன் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

துரைசானி அம்மாள் விருந்தினர் எல்லாரிடமும், "இவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்பாராம். அந்த ஒருத்தி உண்டது அடுக்களைப் படிக்கட்டில். 1963-ல் அவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அம்மாதச் சம்பளத்தோடு ஒரு மேசைக் கடிகாரம் கொடுத்தார்கள். மறுவாரமே தாயார் களையெடுக்கப் போனார். கடிதம் ஒன்றும் வரவில்லை. தாம் இறந்த ஆண்டிலும், அப்பிள்ளைக்கு இப்பொழுது என்ன வயதிருக்கும் என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

என் தாயாராவது சொந்த ஊரில் விடப்பட்டார். அவர் காலத்துக்கு முன்னே, துரைக் குடும்பங்களோடு கப்பலில் பிள்ளை பார்த்துச் சென்ற இந்திய ஆயாக்கள் சிலர், லண்டனில் இறங்கியதும் திரும்ப வழியின்றிக் கைவிடப்பட்டனர். அத்தகையோருக்கென்று 1900 முதல் ஹாக்னி பகுதியில் ஓர் இல்லம் நடந்தது. அக்கட்டடத்தில் 2022-ல் நீல நிற நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் மருமகப்பிள்ளையிடம் சொல்ல நாவெழவில்லை. குறைந்த செலவென்றாரே, அதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். ஓ பேர் பெண்ணுக்கு வாரத்துக்கு 195 டாலர் 75 காசு. இத்தொகை வந்த விதம் யாதெனில், நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 45 மணிக்கு 326.25, அதில் ஊணுக்கும் உறையுளுக்கும் நூற்றுக்கு நாற்பது வீதம் கழித்தது போக மிச்சம். விருந்தினள் என்று அழைத்துவிட்டு விருந்துக்கு விலைபோட்டுக் கழிக்கும் விந்தையை என்னென்பது! ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இக்கணக்கு செல்லாது. ஓ பேருக்கும் மாநிலக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் மேல் கோர்ட்டு தீர்ப்பளித்திருந்தது. 2023-ல் அங்கே கூலி மணிக்கு 15 டாலர். மருமகப்பிள்ளை காகிதத்தை இருமுறை பார்த்துவிட்டு மௌனமானார்.

ஆயினும் பிரேசில் நாட்டு யுவதி ஒருத்தியோடு கணினித் திரையில் பேசினோம். இருபது வயது; கலகலப்பானவள்; அருகில் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று ஆவலோடு கேட்டாள். அவள்மேல் எனக்குக் குறையில்லை. உலகம் பார்க்க வருகிறவள் வரட்டும். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவள் மிகப் பொருத்தம். நான்கு மாதச் சிசுவை நாள் முழுதும் தனியே ஏந்தியிருப்பது உலகம் பார்ப்பதாகாது. அன்றியும் அவளுக்கு அனுமதி ஓராண்டு. நீட்டினாலும் இரண்டாண்டுக்குமேல் இல்லை. பிள்ளை முகம் பழகியதும் முகம் மறைந்துவிடும்.

பின்னர் ஆயா வேலைக்கு ஒரு மாது நேரில் வந்தார். கரிபியன் தீவொன்றினின்று வந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பேரன் அவர் கைக்குப் போனதும் அழுகையை விட்டான். அவருடைய இரு மகன்களும் தீவில் பாட்டியிடம் வளர்கிறார்கள் என்று பேச்சினிடையே தெரிந்தது. அவர் போனபின் மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, இவரை அமர்த்தினால் பாட்டிக்கு அவர்கள் செய்ததையே நாமும் செய்கிறோமல்லவா?" என்று கேட்டாள்.

"ஆம் அம்மா, ஒரு பகுதி அதுதான்" என்றேன். வேறென்ன சொல்வது? நாம் மறுத்தால் அவர் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டப்போகிறார். அவர் பிள்ளைகள் அன்னையை அடையப்போவதில்லை.

அம்மாநிலத்தில் 2015 முதல் வீட்டு வேலை செய்வோருக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. முழுநேரம் உழைப்பவருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம், வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, வீட்டோடிருப்பவரைக் காரணமின்றி நீக்கினால் எழுத்து மூலமான அறிவிப்போடு முப்பது நாள் தங்குமிடம், அல்லது இரண்டு வாரச் சம்பளத்துக்கு ஈடான தொகை ஆகியவை அதிலுண்டு. அவற்றின்மேல் மகள் தானாக ஒன்று சேர்த்தாள்: ஆண்டுக்கு மூன்று வாரம் சம்பளத்தோடு தீவுக்குப் போய்வருவது, கப்பலோ விமானமோ கட்டணம் நம்முடையது. சேர்க்கச் சொன்னவர் மருமகப்பிள்ளை என்று பிறகு அறிந்தேன்.

அம்மாது சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்கார்ந்து காகிதத்தை வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"ஞாயிறு என்னுடையதா? என் மக்களோடு பேசும் நாள் அது."

"முழுவதும் உங்களுடையது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலுங்கூட" என்றாள் மகள்.

அவர் பேனாவைக் கேட்டார்.