கடிகாரம் பிசகினாலும் கதைக்கலாம்

கொக்கிளாய்க் களப்புத் தண்ணீரின் சூட்டை நாள் முழுக்க அளந்து பார்க்கவேணும் என்பது எங்கட கனநாள் ஆசை. கரையில் ஒரு சிப், வாடிக்குள் ஒரு சிப், நடுவில் வயர். காலையில் எண்கள் ஒழுங்காக வந்தன. வெயில் ஏற ஏற, கண்டபடி குறியீடுகள். வயரும் சரி, புரோகிராமும் சரி. பிசகினது நேரம்.

சீரியல் முறையில் இரண்டு சிப்புக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. 9600 வேகத்தில் ஒரு பிற் ஏறத்தாழ 104 மைக்ரோ செக்கன். கேட்கிற சிப் தொடக்க பிற்றின் விளிம்பைப் பிடித்து, பிறகு தன் கடிகாரத்தை நம்பி ஒவ்வொரு பிற்றின் நடுவிலும் பார்க்கும். தொடக்கம் 1, தரவு 8, முடிவு 1. கடைசி பிற்றின் நடு, ஒன்பதரை பிற் தள்ளி இருக்கு. அங்கே அரைப் பிற் விலகினால் பக்கத்து பிற்றைத்தான் வாசிக்கும். ஆகவே இரண்டு கடிகாரத்துக்கும் இடையில் 5 வீத வித்தியாசமே கூடிப்போச்சு. ஏடிடைனி85 போன்ற சிப்பின் உள்கடிகாரம் தொழிற்சாலை அளவில் கூடக்குறைய 10 வீதம் பிசகலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்லுது. சூடும் பற்றறியும் மாற, அதுவும் மாறும்.

"கிறிஸ்ரல் போடுங்கோவன்" என்பினம். போடலாம். ஆனால் எட்டுக் கால் சிப்பில் இரண்டு காலை அது பிடித்துவிடும். அதையும் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்கவேணும்.

இதே சிக்கலைக் கார்க்காரர் எப்பவோ தீர்த்துவிட்டினம். 1990களின் கடைசியில் ஐரோப்பியக் கார்க் கம்பனிகள் சேர்ந்து உருவாக்கிய 'லின்' முறை, கதவுக் கண்ணாடி, சீற் மோட்டர் போன்ற மலிவான பாகங்களுக்கானது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு பைற் வரும்: பதினாறடி எண்ணில் 55. ஆங்கில 'யூ' எழுத்தும் அதுதான். வயரில் அது 0, 1, 0, 1 என்று மாறிமாறி ஓடும். முதல் இறக்கத்திலிருந்து ஐந்தாவது இறக்கம் வரை சரியாக எட்டு பிற். கேட்கிற சிப் அந்த நேரத்தைத் தன் கடிகாரத்தாலேயே அளந்து எட்டால் பிரித்தால் போதும். அனுப்புகிறவரின் பிற் நீளம் கையில். எட்டால் பிரிக்கிறது சின்னச் சிப்புக்கும் சுகம்: மூன்று தரம் வலப்பக்கம் நகர்த்தினால் சரி. ரெண்டு கடிகாரமும் பிழையாக இருக்கலாம். அந்த ஒரு செய்தி முடியும்வரை மாறாமல் இருந்தால் காணும்.

நாங்களும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் ஒரு 'யூ' அனுப்பத் தொடங்கினோம். மத்தியான எண்களும் வரத் தொடங்கின. செலவு, ஒரு பைற்.

எங்கட பக்கம் வாற தொழில்நுட்பம் பெரும்பாலும் "முதல்ல நீ சரியா இரு" என்றுதான் கேட்கும்: நல்ல கரண்ட், நல்ல சிக்னல், நல்ல பாகம். இந்த முறை வேற மாதிரிக் கேட்குது: "நீ என்ன வேகத்தில கதைக்கிறாய்? நான் அதுக்கேற்ப கேட்கிறன்." பள்ளிக்கூடப் பொடியளுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லிக் குடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

செய்துபார்க்கிறவர்களுக்கு ஒன்று: நேரம் சரிவந்தாலும் இரைச்சலால் பிற் புரளும். கடைசியில் ஒரு கூட்டுத்தொகை பைற்றும் சேர்த்து அனுப்புங்கோ.