பாலைவனத்திற்கு ஒரு பயணத் திட்டம்

விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்று கேட்டால் சிலர் ஊட்டி என்பர். சிலர் கொடைக்கானல் என்பர். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் தீட்டிய திட்டமோ ஒரு பாலைவன நாட்டிற்கு! ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கில் உள்ள நமீபியாதான் அந்நாடு.

எங்கள் ஊர் ஒரகடம். பொழுது விடியுமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்லும் ஊர். இங்கே லாரி தயாரிக்கும் ஆலை ஒன்றில் என் தந்தை பல ஆண்டுகள் பணிபுரிந்தார். பிறகு நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக்கில் லாரி பழுதுபார்க்கும் பணிமனையில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை கிடைத்துச் சென்றார். அந்நாட்டு நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியது. அப்பா வேலை முடிந்து ஆறு மணிக்கு அழைத்தால் இங்கே இரவு ஒன்பதரை. தம்பி தூங்கி விழுந்துகொண்டே பேசுவான்.

ஒரு நாள் அப்பா, "மே மாத விடுமுறைக்கு எல்லாரும் இங்கே வந்துவிடுங்களேன்" என்றார். என் உள்ளம் துள்ளிக் குதித்தது. அன்றே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அப்பாவைக் கேட்டும், பள்ளி நூலகத்தில் தேடியும் பக்கம் பக்கமாக எழுதினேன்.

முதல் வியப்பு, மே மாதத்தில் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது என்பது. "பாலைவனத்துக்குக் கம்பளிச் சட்டையா?" என்று அம்மா சிரித்தார்கள். அந்நாடு தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் பெரியது; 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையோ சுமார் 30 லட்சம்தான். அது 1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்றது. அதற்கு முன்பே, 1986இல், அந்நாட்டு விடுதலை இயக்கமான சுவாப்போ தன் முதல் தூதரகத்தைத் திறந்தது நம் புது டெல்லியில்தான் என்று படித்தபோது பெருமையாக இருந்தது.

முதலில் சோசஸ்வ்லேயின் செம்மணல் குன்றுகள். அவற்றில் சில 300 மீட்டருக்கும் மேல் உயரமானவை. அடுத்து வெல்விட்சியா என்னும் செடி. அதற்கு வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழ்பவை உண்டு. அங்குள்ள வண்டு ஒன்று, கடலிலிருந்து மூடுபனி வரும்போது மணல்மேட்டில் தலைகீழாக நின்று, முதுகில் வழியும் நீர்த்துளியைக் குடிக்குமாம். பிறகு எட்டோஷா வனவிலங்குப் பூங்கா. மழையில்லாக் காலத்தில் விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வருவதால் ஓரிடத்தில் இருந்தே பார்க்கலாம். 2022 செப்டம்பர் 17 அன்று மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்த எட்டு சிவிங்கிப் புலிகளும் நமீபியாவிலிருந்து வந்தவையே.

விண்ட்ஹூக்கில் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குகிறார்கள் என்று வாசித்தபோது பாட்டி, "சீச்சீ! என் பிள்ளை அதையா குடிக்கிறான்?" என்று பதறினார்கள். கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்து வாங்கும் நாம் அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

கடைசிப் பக்கம் செலவுக் கணக்கு. சென்னையிலிருந்து விண்ட்ஹூக்கிற்கு நேரடி விமானம் இல்லை. வழியில் மாற வேண்டும். அம்மா, நான், தம்பி ஆகிய மூவருக்கும் டிக்கெட், விசா என்று கூட்டிப் படித்தேன். அப்பாவின் பல மாதச் சேமிப்பு அது. அப்போது தம்பி கேட்டான்: "அக்கா, பாட்டி?"

நான் திகைத்து நின்றேன். முப்பது பக்கத் திட்டத்தில் பாட்டியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை! முழங்கால் வலியால் பாட்டி தெருமுனை வரைகூட நடக்க மாட்டார்கள். "நான் வீட்டைப் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்கம்மா" என்றார்கள்.

அன்றிரவுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒன்பதரைக்கு வரும் அழைப்புக்காக பாட்டி ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நாங்கள் எல்லாரும் பேசித் தீர்ந்தபின் கடைசியாகத்தான் பேசுகிறார்கள். கேட்பது ஒரே கேள்வி: "சாப்பிட்டியாப்பா?"

எனக்கு உறக்கம் வரவில்லை. நாங்கள் போக மூன்று டிக்கெட்; அப்பா வர ஒன்றே போதும். செம்மணல் குன்றுகளை நினைத்துப் போர்வைக்குள் அழுதேன் என்பதை மறைக்கமாட்டேன். ஆயினும் மறுநாள், "நாங்கள் வரவில்லை அப்பா, நீங்கள் வாருங்கள்" என்றேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா" என்றார்கள்.

மே மாதத்தில் பதினைந்து நாள் அப்பா எங்களோடு இருந்தார்கள். பாட்டியை ஆட்டோவில் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு அழைத்துச் சென்றார்கள். மணல் குன்றுகளின் படங்களைக் காட்டியபோது பாட்டி படத்தைப் பார்க்கவில்லை, "ஏம்பா இப்படி இளைச்சுட்டே?" என்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வாண்டு தமிழ் வகுப்பில் பாலைத் திணைக்குரிய பொருள் பிரிவு என்று ஆசிரியை நடத்தினார்கள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு மட்டும் தொலைபேசியின் அருகே உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் தெரிந்தது.

அப்பாவின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதங்கள் உள்ளன. தோழியரே, திட்டமிடுவது நல்ல பழக்கம். ஆனால் எழுதி முடித்ததும், யார் பெயர் விட்டுப்போயிற்று என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு