பத்துப் பல்லும் பதின்மூன்று பல்லும்

கனடாவில் குடியேறிவிட்ட பழைய நண்பர் ஒருவர், படகு வைத்த டிரெயிலரை இழுப்பதற்காக ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்று வாங்கப் போகிறாராம். பின்னச்சு விகிதம் 3.55 வேண்டுமா, 3.73 வேண்டுமா என்று விற்பனையாளர் கேட்டிருக்கிறார். "நீ பத்திரிகைக்காரன்தானே மச்சான், விசாரித்துச் சொல்" என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கலைப்பட்டம் பெற்றவனிடம் பற்சக்கரத்தைப் பற்றிக் கேட்பது அவருடைய துணிச்சல். பாரமான படகென்றால் 3.73 எடு, இழுவை நூற்றுக்கு ஐந்து கூடும் என்று பதில் எழுதினேன். அங்கே அது விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி. எங்கள் மலையகத்தில் அது உயிர்ப் பிரச்சினை என்பதைச் சென்ற ஆண்டு ஹட்டனில் ஒரு கராஜில் கண்டேன்.

பின்னச்சின் நடுவே புடைத்திருக்கும் இரும்புக் கூட்டுக்குள் இரண்டு பற்சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் இருப்பது சிறியது, பினியன். சில்லுகளைச் சுழற்றுவது பெரியது, கிரவுன் வீல். பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுத்தால் வருவதே விகிதம். எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெற வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகு ஏற்றுகிறார். (கொழுந்தைக் காய வைக்கும் வெப்பக்காற்று, இன்றும் பெரும்பாலும் விறகு அடுப்பிலிருந்தே வருகிறது.) அவரிடம் இருப்பது 1971 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் 3 வகை லேண்ட்ரோவர், 2.25 லீற்றர் டீசல் எஞ்சின். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை முழுமையாகத் திறக்கப்படாத நாட்டில், இத்தகைய கிழவண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. பின்னால் ஒரு டிரெயிலர், அது நிறைய யூகலிப்டஸ் விறகு.

அந்த வண்டி பிறக்கும்போது பினியனுக்கு 10 பல், கிரவுன் வீலுக்கு 47 பல், விகிதம் 4.7. கொழும்பில் அதை வைத்திருந்த முன்னைய உரிமையாளர் ரேஞ்ச் ரோவரின் பற்சக்கரங்களை மாட்டியிருந்தார். அவற்றில் 13-க்கு 46, அதாவது ஏறக்குறைய 3.54. சமதரையில் ஓடுபவருக்கு அது நல்ல மாற்றமே. எஞ்சின் அலறாது, எரிபொருளும் மிச்சம். ஆனால் 3.5 லீற்றர் வி8 எஞ்சினுக்கென அமைந்த விகிதத்தை 60 குதிரைவலு அளவுள்ள டீசல் எஞ்சினுக்குக் கொடுத்து மலைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் நூற்றுக்கு மூன்றளவு வலுவை இழக்கும். நுவரெலியாவை அடையும்போது ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. ஏற்றத்தில் இரண்டாம் கியர் பிடிக்கவில்லை. கிளட்ச் கருகும் மணம் வந்துகொண்டே இருந்தது.

லேண்ட்ரோவரை அறிந்தவர்கள் 'லோ ரேஞ்ச்' இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அவ்வகை வண்டியில் அதைப் போட்டால் நான்கு சில்லுகளும் பூட்டிக்கொண்டு இழுக்கும். தார் வீதியின் கொண்டை ஊசி வளைவில் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சேற்றுக்கு அது சரி, ஏ7 நெடுஞ்சாலைக்குச் சரியன்று.

ஏற்றத்தைப் பற்றி மட்டும்தான் அவர் முறையிட்டார். கராஜ் பாஸ் வேறொன்றைக் கேட்டார்: "அண்ணே, எறங்கும்போது எப்பிடி?"

மலையில் வண்டியை உண்மையில் தாங்குவது பிரேக் அன்று, எஞ்சின்தான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அது சூடேறிப் பிடி விட்டுவிடும். பாரமேற்றிய டிரெயிலரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. 4.7-இல் அதே கியரில் எஞ்சின் காட்டும் எதிர்ப்பு, 3.54-ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். போதாததற்கு, வேகமானிக்கான இணைப்பு அச்சுக்கு முன்னாலேயே இருப்பதால், அது பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. முள் 30-ஐக் காட்டும்போது வண்டி ஓடியது ஏறத்தாழ 40-இல். பாஸ் இதைச் சொன்னபோது விறகுக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் வேனுடன் மோதி ஏழு பேர் இறந்த செய்தியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்த இறக்கத்தைப் பார்த்தவருக்கு இத்தகைய எண்கள் வெறும் எண்களாக இரா.

வேலை ஒரு பகலில் முடிந்தது. அரை அச்சுகளை உருவி, தண்டைக் கழற்றி, பழைய 4.7 கூட்டை முழுதாக ஏற்றினார்கள். பின்னச்சுக்கு மட்டுமன்று, முன்னச்சுக்கும். ஒன்றை மட்டும் மாற்றிப் பணம் மிச்சம் பிடிக்கலாமா என்று விறகுக்காரர் கேட்டார். இரண்டு அச்சும் வெவ்வேறு விகிதத்தில் இருக்க, ஒரு நாள் நான்கு சில்லையும் இணைத்தால் உள்ளே எதுவாவது உடையும் என்று பாஸ் மறுத்துவிட்டார். பினியனும் கிரவுன் வீலும் ஒன்றாகத் தேய்ந்த சோடி. அவற்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்ப்பதும் கூடாதாம்.

இப்போது வண்டி இரண்டாம் கியரில் ஏறுகிறது. கொழும்புக்குப் போனால் எஞ்சின் இரைகிறது, டீசலும் கூடக் குடிக்கிறது. அதற்காக அவர் முணுமுணுக்கிறார். விகிதம் மாறியதால் பிரேக் பெரிதாகிவிடவில்லை, சட்டம் அனுமதிக்கும் பாரமும் கூடிவிடவில்லை. ஆனாலும் "இப்பத்தான் நல்லா இழுக்குதே" என்று விறகை இன்னும் ஒரு வரிசை உயர்த்தி அடுக்குகிறார். மாலையில் வெறுமையாகத் திரும்பும் டிரெயிலரில், மலையிலிருந்து இறங்கும் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு ஏறிக்கொள்கிறார்கள். அந்த டிரெயிலருக்குத் தனிப் பிரேக் கிடையாது. பாஸிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். அது நடந்து ஏழு மாதம்.