சாயம் வெளுத்த கதை

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அதிகாலை, தில்லிக் குளிரில் நடுங்கிக் கொண்டு என் தமக்கையின் மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மானேஸரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலம் கிடைத்திருந்த வேலை அவனுக்கு. வரும்போது எவ்வளவு எளிதாக வந்ததோ, அவ்வளவு எளிதாகவே போய்விட்டது. மனைவியும் கைக்குழந்தையும் அவனை நம்பி இருக்கின்றனர்.

"மாமா, இனி யார் வாசலிலும் போய் நிற்கப் போவதில்லை. ஜெய்ப்பூர் சாலை ஓரத்தில் லாரிகளுக்குக் காற்றுப் பிடித்துப் பஞ்சர் ஒட்டிப் பிழைத்துக் கொள்கிறேன். ஒரு கம்ப்ரஸர் மட்டும் பார்த்து வாங்கித் தாருங்கள்" என்றான். ஊரில் என் தமக்கை தன் வளையல்களை அடகு வைத்து நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தாள். ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எண்ணெயிலும் கரியிலும் புரண்டவன் நான் என்பதனால், தம்பி பார்த்துக் கொள்வான் என்று அவளுக்குத் தைரியம்.

அவன் பார்த்து வைத்திருந்த இடத்தில் மின்சாரம் இல்லை. ஆகவே பெட்ரோலில் ஓடுவதாகத்தான் இருக்க வேண்டும். புதிது வாங்கப் பணம் போதாது. இருவரும் மாயாபுரிக்குப் போனோம். தில்லிவாழ் நேயர்கள் அவ்விடத்தை அறிவார்கள். கண்ணுக்கெட்டிய வரை காயலாங்கடைகள். 2010ஆம் ஆண்டில் கழிவு இரும்போடு வந்த கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளை இன்னதென்று அறியாமல் அங்கே பிரித்துவிட்டார்கள். பலர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். பழைய பொருள் தன் பூர்வ கதையையும் கூடவே சுமந்து வரும் என்பதை நான் அன்றே நினைத்துக் கொண்டிருக்க வேண்டும். நினைக்கவில்லை.

ஐந்தரைக் குதிரைச் சக்தியுள்ள பெட்ரோல் யந்திரம், இரட்டை ஸிலிண்டர் கம்ப்ரஸர், அடியில் 160 லிட்டர் காற்று டாங்கி. எல்லாவற்றுக்கும் புதிதாக நீலச் சாயம் பூசி, மணப்பெண்ணைப் போல் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னோம். "பெட்ரோல் இல்லை, ஸாப்" என்றார் கடைக்காரர். முப்பத்தையாயிரத்துக்கு முடித்தோம்.

வீட்டுப் பின்புறத் திறந்தவெளியில் அதை இறக்கினோம். மூடிய அறைக்குள் பெட்ரோல் யந்திரத்தை ஓட்டலாகாது; அதன் புகையிலுள்ள விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் பெல்ட்டைக் கழற்றி யந்திரத்தைத் தனியாக்கினேன். கயிற்றை இழுத்து இழுத்துப் பையனின் தோள் சோர்ந்தது. யந்திரம் ஒரு முறை தும்மக் கூட இல்லை.

யந்திரம் உயிர்பெற மூன்று வேண்டும்: எரிபொருள், பொறி, உள்ளே காற்றை நெருக்கும் இறுக்கம். இழுக்கும்போது கயிறு கைக்குக் கனமாக இருந்ததால் இறுக்கம் உண்டென்று தெரிந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளியை முக்கால் மில்லிமீட்டருக்குச் சரிசெய்து, யந்திரத்தின் உடலில் சேர்த்து வைத்து இழுக்கச் சொன்னேன். பொறி வரவில்லை. புதுப் பிளக் போட்டும் வரவில்லை. அரை நாள் தலையைச் சொறிந்து கொண்டிருந்தேன். பிறகுதான் நினைவு வந்தது: எண்ணெய் குறைந்தால் யந்திரம் தேய்ந்து போகாமலிருக்க, பொறியையே நிறுத்திவிடும் ஓர் ஏற்பாடு இவ்வகை யந்திரங்கள் பலவற்றில் உண்டு. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் வெறும் கறைதான்! அரை லிட்டருக்குச் சற்று மேலாக எண்ணெய் விட்டதும் நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் என்று மார்தட்டிக் கொண்டவன் முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் அது.

கார்ப்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தேன். பல மாதம் தேங்கிய பெட்ரோல் வற்றி, பழைய தேன் போலப் பழுப்புப் பிசினாக ஒட்டியிருந்தது. இக்காலத்துப் பெட்ரோலில் எதனால் கலக்கிறார்கள்; அது ஈரத்தை ஈர்த்துக் கொள்வதனால் அடியில் துருவும் சேர்ந்திருந்தது. ஊசிமுனைத் துவாரமுள்ள ஜெட்டை, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையால் குத்திச் சுத்தம் செய்தேன். இரும்புக் கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும்.

புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக்கை இழுத்து வைத்து, நாலாவது இழுப்பில் யந்திரம் கர்ஜித்தது. பையன் சிறு பிள்ளை போல் குதித்தான். என் மனைவி எல்லாருக்கும் கேசரி கிளறினாள்.

பெல்ட்டை மாட்டினோம். டாங்கியில் காற்று மூன்று கிலோ வரை ஏறி அங்கேயே நின்றது. கம்ப்ரஸரின் தலையைப் பிரித்தால், வால்வுத் தகடுகளில் கரி அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் புது காஸ்கெட் போட்டேன். மறுநாள் அழுத்தம் தடையின்றி ஏறத் தொடங்கியது. ஆறு கிலோவில் நானே நிறுத்தினேன். அதுவரை பார்க்காமலிருந்த டாங்கியின் அடிக்குழாய் அப்போதுதான் கண்ணில் பட்டது. காற்றை முழுதும் வெளியேற்றிய பின் அதைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கம்பியால் குத்தியதும் காப்பி டிக்காஷன் போன்ற தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர் கொட்டியது. கூடவே துருச் செதில்கள்.

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் நீராகி டாங்கியின் அடியில் தங்கும். தினமும் திறந்துவிட வேண்டிய அந்நீரை எவரும் ஆண்டுக்கணக்கில் திறந்துவிடவில்லை. "நீர்ச் சோதனை செய்யாமல் இனி இதில் காற்று ஏற்றக் கூடாது" என்றேன்.

பையனின் முகம் மாறியது. "ஓடுகிறதே, மாமா! நாளைக்குக் கடை போட வேண்டும். வாடகை கொடுத்தாயிற்று. உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. எனக்கு என்ன வருகிறது?" என்று கேட்டுவிட்டான். அந்தச் சொல் தைத்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை, ஆகையினால்தான் தைத்தது.

நான் பதில் பேசாமல் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். டாங்கியின் விட்டம் 40 சென்டிமீட்டர். முழு அழுத்தமான பத்துக் கிலோவில், ஒரு பக்க மூடியை மட்டும் காற்று பன்னிரண்டரை டன் பலத்துடன் தள்ளும். காகிதத்தை அவனிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுக்கவில்லை.

அறிமுகமான சர்தார்ஜி ஒருவரின் பட்டறைக்குக் கொண்டு போனோம். டாங்கியில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பினால் அழுத்தம் ஏற்றினார். நீர் அமுங்காத பொருள்; ஆகவே டாங்கி உடைந்தாலும் வெடித்துச் சிதறாமல் ஒழுகுவதோடு நிற்கும். காற்றோ விரிந்து கொண்டே பாய்ந்து உயிரை வாங்கும். பத்துக் கிலோவில் உழைக்கும் டாங்கி சோதனையில் பதினைந்து தாங்க வேண்டும். முள் ஒன்பதைத் தொட்டது. அடியில், காலைப் பற்றவைத்த இடத்தருகே, நீலச் சாயம் கொப்புளமாக உப்பிற்று. அதிலிருந்து நூலிழை போல் தண்ணீர் பீச்சி, குனிந்திருந்த பையனின் கன்னத்தில் பட்டது.

சர்தார்ஜி அழுத்தத்தை இறக்கிவிட்டு, அவ்விடத்தைச் சுரண்டிக் கூரிய கம்பியால் அழுத்தினார். நாலைந்து மில்லிமீட்டர் கனம் இருந்திருக்க வேண்டிய தகட்டில் கம்பி உள்ளே போய்விட்டது. "மேலே ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்தால் ஆகாதா?" என்று பையன் மெல்லக் கேட்டான். "ஒரு ஓட்டையைக் கண்டோம், காணாதவை எத்தனையோ!" என்றார் அவர் இந்தியில்.

சோதனைச் சான்றுடன் புது டாங்கிக்குப் பதினாறாயிரம் ரூபாய் ஆயிற்று. நான் கொடுத்தேன், கடனாக மட்டுமே வாங்கிக் கொள்வேன் என்றான். கடை போட மூன்று வாரம் தாமதமாயிற்று. அத்தனை நாளும் அவன் என்னுடன் அதிகம் பேசவில்லை; அவன் மனைவிதான் தொலைபேசியில் நலம் விசாரித்தாள்.

பழைய டாங்கியை விற்க மறுபடியும் மாயாபுரிக்குப் போனோம். டாங்கியாகவே கொடுத்தால் நாலாயிரம் தருவதாக ஒருவர் சொன்னார். சாயம் பூசிக் கொள்வாராம். இரும்பு எடைக்குப் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு தேறாது. நான் வாய் திறக்கவில்லை. பையன் சற்று நேரம் டாங்கியையே பார்த்துக் கொண்டு நின்றான். பிறகு எதிர்க்கடையில் காஸ் கட்டர் வைத்திருந்தவரைக் கூப்பிட்டு, அதை நடுவில் இரண்டாக வெட்டச் சொன்னான். வெட்டுக்கூலி இருநூறு ரூபாயை அவனே எண்ணிக் கொடுத்தான்.